உங்கள் மேல் மட்டும் புல் முளைக்கவில்லை

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் நம் வீட்டில் கடிதம் தொடங்குவது வழக்கம். இந்த முறை கேட்கத் தேவையில்லை. நேற்று மயானத்துக்கு ஏறி வந்து நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அங்கே உங்களைப் போல் நலமாக இருப்பவர் வேறு யாரும் இல்லை.

மற்றவர்கள் எல்லாரும் மானாப் புல்லுக்குள் போய்விட்டார்கள். பெரிய கங்காணிக்குக் கட்டிய சிமெண்டுக் கல்லறை கூட இப்போது ஒரு புதர். உங்கள் மேல் மட்டும் ஒரு புல் இல்லை. ஓர் ஆள் நீளத்துக்குக் கூட்டிப் பெருக்கிய வாசல் மாதிரி வெறும் மண். ஓரத்துப் புல் உங்கள் பக்கம் சாய்ந்து வந்து, ஒரு சாண் தூரத்தில் நின்றுவிடுகிறது. யாரோ கை நீட்டித் தடுத்தது போல.

தலைமாட்டில் சூடம் எரிந்த கறுப்பு இருந்தது. பக்கத்து டிவிசனிலிருந்து ஒரு பெண் வந்து பிள்ளை வரம் கேட்டுவிட்டுப் போனாளாம். புல் அண்டாத மண் புண்ணியவான் படுத்த மண் என்று லயத்து வீடுகளில் பேச்சு. உயிரோடு இருந்தபோது உங்களுக்குக் கங்காணி வேலை கூடத் தராத தேயிலைத் தோட்டம், இப்போது சாமி வேலை தந்திருக்கிறது. இதற்கும் பென்ஷன் கிடையாது.

நீங்கள் புண்ணியவான்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் புல் முளைக்காததற்குக் காரணம் அது இல்லை என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலை மலைகளில், முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்தடித்த கூட்டத்துக்கு நீங்கள்தானே மூத்தவர். நெஞ்சுவலியில் போனீர்கள். மருந்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று அன்றைக்கு எல்லாரும் உறுதியாகச் சொன்னார்கள். யாரும் கேட்காமலே சொன்னார்கள்.

தீபாவளிக்கு முன்னால் சொந்தக்காரர்கள் மயானத்துக்குப் போய்க் குழிமேட்டுப் புல்லைச் சொரண்டியால் செதுக்கி, மண் அணைத்து, சுண்ணாம்பு பூச வேண்டும். புல் மண்டிக் கிடந்தால் அந்த மனிதருக்கு நாதியில்லை என்று அர்த்தம். ஹட்டனில் பள்ளிக்கூட வேலை, பஸ் இல்லை, மழை என்று முன்பு ஒரு வருடம் நான் பிந்திப் போனேன். வந்து பார்த்தால் நீங்கள் ஏற்கெனவே சுத்தமாக இருந்தீர்கள். உங்கள் கூட்டாளி முனியாண்டிதான் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

“நீங்க வரலேன்னா என்னாங்க தம்பி, நாங்க செத்தா போயிட்டோம்? மலையில அடிச்சு முடிச்சுட்டு மிச்சத்த அண்ணன் மேல அடிச்சு விட்டுர்றது. சொரண்டி எடுத்துக்கிட்டு ஏற எவனுக்கு முதுகு இருக்கு?”

மிச்சம் எப்போதும் இருக்கும். கலக்கிய மருந்து ஸ்டோருக்குத் திரும்பி வரக்கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். அதை லயத்தோரக் கானில், அந்த வாய்க்காலில் ஊற்றக்கூடாது, பிள்ளைகள் நடக்கிற இடம் என்பது உங்கள் சட்டம். இரண்டு சட்டத்துக்கும் நடுவில் ஓர் இடம் தேவைப்பட்டது. அந்த இடம் நீங்கள் ஆனீர்கள். தீபாவளிக்கு என்று தொடங்கியது, பிறகு ஒவ்வொரு மருந்தடிப்பு முடிந்தும் நடந்தது. நடுவில் அந்த மருந்துக்குத் தடை வந்தபோது பெயர் ஒட்டாத கேனில் ஏதோ வந்தது. தடை போனபின் பெயரோடு வந்தது. புல்லுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எது வந்தாலும் கடைசிப் பங்கு உங்களுக்கு.

அண்ணே, நமக்கு மயானம் எங்கே கொடுத்திருக்கிறார்கள் என்பது ஞாபகம் இருக்கிறதா? தேயிலை வளராத கல்லு மேட்டில். அந்தக் கல்லுக்கு அடியில்தான் ஊற்று. ஊற்றிலிருந்து குழாய் வழியாக இறங்கி வரும் தண்ணீர்தான் நம் லயத்துப் பீலியில் விழுகிறது. குடிக்க, குளிக்க, சோறாக்க எல்லாம் அதுதான்.

பீலிச் செய்தியையும் சொல்கிறேன். தண்ணீர் விழுகிற கல்லில் இப்போது பாசி இல்லை. வருடத்துக்கு ஒருவராவது வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட கல், கழுவிய தட்டு மாதிரி இருக்கிறது. இப்போதெல்லாம் யாரும் விழுவதில்லை என்று சந்தோஷப்படுகிறார்கள். ஓரத்தில் அண்ணி சம்பலுக்குப் பறிக்கிற வல்லாரை, முதலில் நுனியில் மஞ்சளானது. பிறகு இலை முழுவதும் மஞ்சள். பிறகு வேரோடு கறுத்துப் படுத்தது. தேயிலைத் தூருக்கு நடுவில் புல் சாவதை நாம் எல்லாரும் பார்த்தவர்கள். அதே வரிசை, அதே நிறம். எல்லாரும் பார்த்தார்கள். பனி கருக்கிவிட்டது என்றார்கள். அது பனிக்காலம் இல்லை.

மழை விட்ட ஒரு விடியற்காலையில் பீலியில் போய் நின்றேன். முன்பெல்லாம் அந்த நேரத்தில் தவளைச் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காதே. தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதற்கு அடியில் வேறு ஏதாவது கேட்குமா என்று காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் இல்லை. குடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். அண்ணே, அந்தத் தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

உங்கள் மகள் தர்ஷினி பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். ஆம், நீங்கள் தாத்தாவாகப் போகிறீர்கள். இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் குடிக்கிற தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று சொல்லாமல் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உங்களைத் தொட்டுவிட்டுத்தான் அது அவளிடம் வருகிறது.

“கொதிக்க வச்சுத்தானே குடுக்கறேன்” என்றார் அண்ணி. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். செத்துப்போகாத விஷயத்தைக் கொதிக்க வைத்து என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை.

ஒரு போத்தலில் பிடித்து டவுனில் தண்ணீர் சோதிக்கிற ஒரு கந்தோருக்குக் கொண்டு போனேன். யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர், தங்கமான மனிதர். “கிருமி ஒண்டும் இல்லை மாஸ்டர். நல்ல தண்ணி” என்றார். புல்லு மருந்து கலந்திருக்கிறதா என்று கேட்டேன். “அது பாக்கிற வசதி இஞ்ச இல்லை. கொழும்புக்கு அனுப்ப வேணும். அனுப்புறதுக்குத் தோட்டத்தில இருந்து கேக்க வேணும்.” தோட்டத்து ஆபீசில் கேட்டேன். தண்ணீர் கெட்டதென்று அத்தாட்சி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். அதற்குப் பிறகு நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

ஆகவே அந்தத் தண்ணீர் ஒரு கர்ப்பிணியை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். வல்லாரையை என்ன செய்தது என்று மட்டும் தெரியும். அவளுடைய பிள்ளையை வைத்து மிச்சத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

நேற்று முனியாண்டியை, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் பிடித்துச் சொன்னேன். இனி அண்ணன் மேல் அடிக்க வேண்டாம் என்று. அவர் முகம் சுருங்கிவிட்டது.

“என்னா தம்பி பேசுறீங்க. அண்ணன் மேல புல்லு மொளைக்கவா? டவுனுக்குப் போன தம்பி மறந்துட்டாருன்னு நாலு பேரு பேச மாட்டானா?”

“பேசட்டுங்க.”

“சாமியாயிட்டாரு தம்பி. சாமிக்குப் பால் ஊத்துறவன் பால் ஊத்துறான். நம்ம கையில இருக்கறதத்தானே நாம ஊத்த முடியும்?”

அவர் கேலி பேசவில்லை. கண் கலங்கியிருந்தது. பீலி, ஊற்று, வல்லாரை என்று நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “மேல இருக்கறது அண்ணன். அவரு புள்ளைக்கு அவரு கெடுதல் செய்வாரா?” என்றார். மருந்தைப் பற்றி அல்ல, உங்கள் பாசத்தைப் பற்றித்தான் நான் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

குடத்தோடு அந்தப் பக்கம் வந்த அண்ணி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். குடத்தை இறக்கி வைத்தார்.

“முனியாண்டி அண்ணே, அவரு சட்டைய எத்தன சவுக்காரம் போட்டு அடிச்சிருப்பேன். அந்த வாசம் போனதில்ல. பக்கத்துல படுத்தா எனக்குத் தலை சுத்தும், சொன்னதில்ல. செத்தாவது அது அவர விட்டுப் போகட்டுமே. வுட்டுருங்க.”

முனியாண்டி தலையைச் சொறிந்தார். பிறகு, “சரி மதினி. அப்ப மிச்சத்த எங்க ஊத்துறது?” என்றார்.

அந்தக் கேள்வியோடுதான் மேலே ஏறி வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கே ஊற்றுவது? நம் மலையில் எந்த இடம் இன்னொரு இடத்துக்கு மேலே இல்லை? நம் லயத்துக்குக் கீழே ஒரு லயம். அதற்குக் கீழே ஆறு, ஆற்றின் கீழே நீர்த்தேக்கம், அதன் கீழே டவுன். அங்கே இருப்பவர்களும் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறார்கள். கடைசி டேங்கைப் பாதியாகக் கலக்குவதாக முனியாண்டி சொல்லியிருக்கிறார். தேவைக்கு மட்டும் கலந்தால் மிச்சமே வராது என்பது இத்தனை வருடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. மிச்சத்துக்குத்தான் நல்ல இடம் கிடைத்துவிட்டதே.

ஒரு பிடி மண் எடுத்து மோந்து பார்த்தேன். உங்கள் சட்டை.

தர்ஷினிக்கு அடுத்த டிவிசன் பீலியிலிருந்து தண்ணீர் எடுத்து வருகிறோம். இன்று காலை நான் போனேன். கல்லில் பாசி. வழுக்கி, முழங்கால் தேய்ந்து, குடம் நசுங்கியது. தவளை ஒன்று காலடியில் குதித்து ஓடியது. அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். விழுந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், அண்ணே. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இந்தத் தீபாவளிக்கு வருவேன். சொரண்டி கொண்டு வர மாட்டேன், சுண்ணாம்பு கொண்டு வர மாட்டேன். ஓரத்தில் நிற்கிற புல்லிலிருந்து வேரோடு ஒரு பிடி எடுத்து உங்கள் நெஞ்சுக்கு நேராக நட்டுவிட்டு இறங்குவேன். செத்தால் மறுபடியும் நடுவேன். ஒரு நாள் தர்ஷினியின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாமல் நாங்கள் புல்லுக்குள் தேட வேண்டும். அது வரைக்கும் நடுவேன். இது சத்தியம்.

கூடப்பிறந்தவனை மறந்துவிட்டான் என்று பேர் வாங்கப்போகிற,
உங்கள் தம்பி.