உறையில் வைக்காத ரோஜா

திருவண்ணாமலை
19.5.1996

சௌபாக்கியவதி ஹைமவதிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். உண்ணாமுலையம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, என் மனசுதான் சரியாக இல்லை. நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே கத்திரி வெயிலில் மலைப்பாறை சுட்டு ராத்திரியிலும் அனல் அடிக்கிறது, அங்கே இன்னும் ஜாஸ்தி என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார், குழந்தையை மத்தியானத்தில் வெளியே விடாதே, நிறைய மோர் கொடு.

இனி என் வயிற்றெரிச்சலைக் கேள். நம் கொல்லைப் பன்னீர் ரோஜாவில் இந்த வெயிலுக்குப் பூச்சி வந்துவிட்டது. இலைக்கு அடியில் கண்ணுக்கே தெரியாத சிவப்புப் பூச்சி, ஒட்டடை மாதிரி மெல்லிசாக நூல் கட்டிக்கொண்டு உறிஞ்சுகிறது, மொட்டெல்லாம் விரியாமலே ஓரம் கருகுகிறது. பூச்சி அரித்த பூவை அம்பாள் சந்நிதிக்கு எப்படி எடுத்துப்போய்ப் பூஜை பண்ணுவது என்று உங்கப்பா தினமும் முகத்தைச் சுளித்தார். ரேடியோவில் பூண்டும் பச்சை மிளகாயும் அரைத்துக் கரைத்துத் தெளிக்கச் சொன்னார்கள், நானும் சமையல்கட்டுக்குள் கொண்டுவராமல் துணி துவைக்கிற கல்லிலேயே நசுக்கி, வெயில் தாழ்ந்த பிறகு தெளித்தேன். மறுநாள் கொல்லைக் கதவைத் திறந்த உங்கப்பா, பூண்டு நாத்தம் அடிக்கற பூவை அம்பாள் தலையில வைக்கச் சொல்றியா, நம்மாத்துல இப்படி ஒரு அனாசாரமா என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டு, கடைப் பூ வாங்கிக்கொண்டு போனார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

அப்புறம் உன் தம்பி சுந்தரேஷ் செய்த காரியம். வேலைக்குப் போகிற இடத்தில், கீழ்பென்னாத்தூர் உரக்கடையில், மல்லாட்டைப் பயிருக்கு அடிக்கிற பூச்சிமருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்து, நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அடித்திருக்கிறான். அப்பாவும் பிள்ளையும் பேசிவைத்துக்கொண்டு செய்த வேலை. என்னிடம், தண்ணி பீச்சியே போக்கிட்டேம்மா என்றான், நானும் நம்பினேன். காலையில் உங்கப்பா இரண்டு கூடை பறித்து, பார்த்தியா, நாத்தமே இல்லை, பேஷா இருக்கு என்று என்னிடமே காட்டிவிட்டு, ஒன்றைச் சாயங்காலப் பூஜைக்கு ஈரத்துணி போட்டு மூடி வைத்துவிட்டு, மற்றதைக் கோயிலுக்கு எடுத்துப் போனார். மத்தியானம்தான் தண்ணீர்த் தொட்டி மறைவில் பாட்டில் கண்ணில் பட்டது. மண்டை ஓடு படம் போட்டு, தெளித்த பின் ஒரு வாரம் செடியில் எதையும் பறிக்கக் கூடாது என்று தமிழிலேயே அச்சடித்திருக்கிறது. பூண்டுக்கு தோஷம் உண்டாம், விஷத்துக்கு இல்லையாம். சந்நிதியில் கொடுக்கிற பூவை ஜனங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள், தலையில் வைத்துக்கொள்கிறார்கள், குழந்தைகள் வாயிலேயே போட்டுக்கொள்கின்றன, நீயே அப்படி மென்றவள்தானே. அவர் வந்ததும் பாட்டிலைக் காட்டிக் கேட்டால், அம்பாள் காலடியில வச்சப்புறம் அது பிரசாதம், யாரையும் ஒண்ணும் பண்ணாது என்கிறார்.

சொல்லிக்கொண்டே, வழக்கம்போல உன் குழந்தைக்கு என்று ஒரு பிரசாத ரோஜாவை எடுத்து, கடுதாசியில வச்சு அனுப்பு என்று நீட்டினார். நானும் வாங்கி அவர் கண் முன்னாலேயே உறைக்குள் வைத்தேன். போன தடவை பிரிச்ச உடனே உங்க பேத்தி இதழை வாயில போட்டுண்டாள்னு ஹைமா எழுதினாளே, இதையும் அப்படித்தான் போட்டுப்பாள் என்று சொல்லிப் பசை தடவப் போனேன். அவர் கையை நீட்டி உறையை வாங்கிப் பூவை எடுத்துவிட்டார். அப்போது வந்ததடி எனக்குக் கோபம். அது பிரசாதம்தானே, நம்மாத்துக் குழந்தைன்னா மட்டும் விஷமாயிடறதா, சந்நிதி வரிசையில நிக்கறதெல்லாம் யாராத்துக் குழந்தைகள் என்று கேட்டேன். அந்தப் பூவையும் சாயங்காலக் கூடையையும் தானே எடுத்துப் போய்க் கொல்லை மூலையில் குழி தோண்டிப் புதைத்தார். காலையில் போன பூ யார் கைக்குப் போனதோ, அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீ மாடியில் வைத்திருக்கும் தொட்டி ரோஜாவுக்கு மருந்து கிருந்து அடிக்காதே. காலையில் இலைக்கு அடியில் தண்ணீரை வேகமாக அடி, உச்சி வெயிலுக்கு ஒரு பழைய வேட்டியைக் கட்டி நிழல் கொடு, நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன். இந்த உறையில் குங்குமம் மட்டும்தான் இருக்கிறது. தாத்தா ஏன் பூ அனுப்பவில்லை என்று குழந்தை கேட்டால், அவருக்கே ஒரு கடிதம் போட்டுக் கேள், பதிலை அவர் எழுதட்டும். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ அண்ணாமலையாரை வேண்டுகிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
சொர்ணாம்பாள்