மோலி சிஸ்டரின் புத்தகத்தில் ஒரு கையெழுத்து

மைசூர்,
14 ஜனவரி 2025

ஈவ்லின் கண்ணுக்கு,

அப்பா சுகம். வெட்கத்தைத் தவிர உடம்புக்கு வேறு கேடு இல்லை. போனில் சொன்னால் சிரிப்பாய், அதனால் தபால்.

நீ சொன்னபடி அம்மாவின் புத்தகத்தை நஞ்சுண்டசாமி கடைக்குக் கொண்டுபோனேன். எழுத்தாளர்கள் போட்ட கையெழுத்து அசலா போலியா என்று பார்ப்பதில் அவர்தான் இங்கே கெட்டிக்காரராம். கிறிஸ்மஸ் சட்டை போட்டு, புத்தகத்தைத் துவாலையில் சுற்றி, குழந்தைக்கு ஞானஸ்நானம் வாங்கப் போகிறவன் மாதிரி போய் உட்கார்ந்தேன். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"இது ஜெல் பேனா, இஸ்ரவேல் சார். தேதி எண்பத்தாறுன்னு இருக்கு. அப்போ இந்தப் பேனா நம்ம ஊருக்கே வரல."

கடையில் நின்ற இரண்டு காலேஜ் பெண்கள் சிரித்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

கோபப்படாதே. அந்தப் பேனா என்னுடையது. நம் வீட்டு பைபிளில் பிறப்பு, கல்யாணம், இறப்பு எழுதின பக்கம் மங்கினால், டிசம்பரில் மேலே மை ஏற்றுவேன் இல்லையா? அம்மா இறந்த வருஷம் அவள் புத்தகத்தில் இருந்த இந்தக் கையெழுத்தும் மங்கியிருந்தது. அதே கையோடு இதன் மேலும் ஓட்டிவிட்டேன்.

முட்டாள்,
உன் அப்பா


டப்ளின்,
2 பிப்ரவரி 2025

அப்பாவுக்கு,

நான் சிரிக்கவில்லை. விலை போகாவிட்டால் போகட்டும், விலைக்காகக் கேட்கவில்லை.

கிறிஸ்மஸ் சாப்பாட்டில் ஜெனிஃபர் அத்தை எல்லார் முன்னாலும் என்ன சொன்னாங்க? "வார்டுல படுத்திருந்த பெரிய எழுத்தாளர் நர்ஸுக்குக் கையெழுத்துப் போட்டாராம். மோலி தானே எழுதிக்கிட்டா." நீங்க குனிஞ்சு சாப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க.

அம்மா சாகிறவரை அந்தக் கதையைச் சந்தோஷமாச் சொன்னாங்க. அது பொய்யா? அதுமட்டும் எனக்குத் தெரியணும். இனி எப்படித் தெரியும், நீங்கதான் மேலே எழுதிட்டீங்களே.

ஈவ்லின்


மைசூர்,
3 மார்ச் 2025

கண்ணு,

எட்டாவது பாஸானவன் கெடுத்ததை அவனேதான் சரிசெய்ய வேண்டும் என்று கிளம்பினேன். நஞ்சுண்டசாமி மூன்று முறை விரட்டினார். நான்காம் முறை காபி சொன்னார்.

"அடியில இருக்கிற மை தெரியவே இல்ல. என்ன கை சார் உங்களுக்கு?"

"ஹெப்பாள் ஃபேக்டரியில முப்பது வருஷம் ஸ்பேனர் பிடிச்ச கை."

அவர் புத்தகத்தை மூடி, திறந்து, திடீரென்று எதிர்ப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்தார். "எழுதின உடனே மூடியிருந்தா ஈர மை இங்க ஒட்டியிருக்கும்."

ஒட்டியிருந்தது. வெளிறிய நீலத்தில், இடம் வலம் மாறி. நல்லவேளை, அந்தப் பக்கம் என் கண்ணில் படவில்லை, பட்டிருந்தால் அதையும் மெழுகியிருப்பேன். அவர் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்து அதை நேராக்கினார். தன் அலமாரியில் இருந்த அதே எழுத்தாளரின் அசல் கையெழுத்தையும் எடுத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். எனக்குக் காபி ஆறிவிட்டது.

"அவர் கைதான். 'மோலி சிஸ்டருக்கு'ன்னு எழுதினதும் அவரே. காய்ச்சல்காரர் நடுக்கம்கூட இருக்கு. விலை மட்டும் கேக்காதீங்க, அதை நீங்க முடிச்சுட்டீங்க."

எழுதிக் கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்றேன். கடை முத்திரையோடு கொடுத்தார். ஒரு நகல் இதோடு இருக்கிறது. இன்னொன்றை அன்றைக்கே பஸ் ஏறி ஜெனிஃபர் அத்தையிடம் கொண்டுபோனேன். மூக்குக்கண்ணாடி காணோம் என்றாள். நானே சத்தமாக வாசித்தேன், இரண்டு தடவை.

கடையை விட்டுக் கிளம்பும்போது நஞ்சுண்டசாமி கேட்டார்: "இவ்வளவு பெரிய மனுஷர் கையெழுத்து மேல கை வைக்க எப்படி சார் மனசு வந்துது?" நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன்.

அவரிடம் வாய்விட்டுச் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். அது பெரிய மனுஷர் கையெழுத்து என்று நான் ஒருநாளும் நம்பவில்லை. மோலியே எழுதிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். அவள் எழுத்து மங்கிவிடக் கூடாது என்றுதான் மை ஏற்றினேன்.

அப்பா