குடும்பத்துக்கு ஏற்ற வீடு

மதுரை
04.02.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் பாப்பாவும் சௌக்கியம். போனில் கூப்பிட்டால் "சாப்ட்டியா" என்று கேட்கிறீர்கள், ரெண்டாவது நிமிடம் "டூட்டி இருக்கு" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் மெயில். இதை முழுசாகப் படித்தே தீரவேண்டும்.

நாலு ஞாயிறாக ஒரு வகுப்புக்குப் போகிறேன். வெளிநாட்டு வீடுகளுக்கு மதிப்புப் போடுவது எப்படி, வாங்குவது எப்படி என்று சொல்லித்தருகிறார்கள். கப்பலூர் கம்பெனி ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். துபாயில் சொந்தமாக வீடு இருந்தால் குடும்பத்தோடு தங்க விசா கிடைக்குமாம். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் நாம் சேர்ந்திருந்தது மொத்தம் பதினாறு மாதம், மாமா.

அப்பா எனக்கு எழுதித்தந்த வாடிப்பட்டி நிலத்தை விற்றுவிடலாம் என்கிறார். ஒரு வீட்டின் விவரம் அனுப்பியிருக்கிறேன். நேரில் போய்ப் பாருங்கள். வாசல் கிழக்கா தெற்கா என்று கேட்கத்தான் வாய் வருகிறது, வகுப்பு சார் திட்டுவார். அந்தக் கட்டடத்தில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது, அதைப் பார்த்து எழுதுங்கள் போதும்.

உங்கள்
ரோகிணி


துபாய்
03.03.2024

அன்பு ரோகிணிக்கு,

நலம். குடோனில் ஆளைக் குறைத்துவிட்டதால் வேலைதான் அதிகம். நீ சொன்ன வீட்டைப் போய்ப் பார்த்தேன். சரிப்படாது. பாதி வீடு காலி, லிப்ட் ஓடவில்லை. நிலத்தை விற்க வேண்டாம் என்று உங்க அப்பாவிடம் சொல். இங்கே வந்தால் பாப்பா படிப்பும் கெடும். வேண்டுமானால் இன்னும் ஒன்றிரண்டு வீட்டு விவரம் அனுப்பு, பார்க்கிறேன்.

அசோக்குமார்


மதுரை
05.05.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களுக்கு எந்த வீடுதான் பிடிக்கும்? முதல் வீட்டில் லிப்ட் ஓடவில்லை. இரண்டாவதில் ஏசி ஒழுகுகிறது என்று போனில் சொன்னீர்கள். மூன்றாவதற்கு எதிரே கட்டட வேலையாம், தூசியாம். அடேயப்பா! என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட நீங்கள் இம்புட்டு நொட்டை சொல்லவில்லை.

முதல் வீடு இருக்கும் தெருவில் சமீபத்தில் விற்ற வேறு மூன்று வீடுகளின் விலையைத் தேடி எடுத்தேன். வருட வாடகையில் பராமரிப்புச் செலவைக் கழித்துப் பார்த்தேன். முதல் வீடுதான் நல்லது. நான் கணக்குப் போட்ட தாளைச் சார் வகுப்பு முழுக்கக் காட்டினார். ஓடாத லிப்டைச் சரிபண்ண முடியாதா என்ன?

நிலத்துக்கு அட்வான்ஸ் வாங்கியாயிற்று. வைகாசியில் பத்திரம். அப்பா லேசாகப் பயந்தார். "அவுக பார்த்துக்கிருவாகப்பா" என்று சொல்லிவிட்டேன். பாப்பா பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் "நான் எங்க அப்பாகூட இருக்கப் போறேன், டிசி வாங்கிருவேன்" என்று சொல்லித் திரிகிறாள்.

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள்
ரோகிணி


மதுரை
16.06.2024

மாமா,

பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. அங்கே சூரியபிரகாஷ் என்று ஒரு தமிழ் புரோக்கர், மூன்று வீடும் அவர் கையில்தான் இருக்கிறது. முதல் வீட்டை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். லிப்ட் ரெண்டும் ஓடுகிறது. கீழே பிள்ளைகள் சைக்கிள் விடுகிறார்கள். அறுபது வீட்டில் நாலுதான் காலி.

"எங்க வீட்டுக்காரர் வந்தப்ப லிப்ட் ஓடலியாமே?" என்று கேட்டேன். "இல்லக்கா, எங்கிட்ட சாவி வாங்கிக் கையெழுத்துப் போடாம யாரும் மேல போக முடியாது. அண்ணே வரவே இல்லையே" என்றார். மற்ற ரெண்டுக்கும் அதே பதில். ரிசப்ஷனில் நாலு பேர் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நிலம் பத்திரமாகிவிட்டது, மாமா. நேராகக் கேட்கிறேன். நாங்கள் அங்கே வருவது உங்களுக்குப் பிடிக்கவில்லையா? வேறு யாரும் இருக்கிறார்களா?

ரோகிணி


துபாய்
21.07.2024

ரோகிணிக்கு,

ஐந்து வாரமாக எழுதி எழுதி அழித்தேன். வேறு யாரும் இல்லை, பாப்பா மேல் சத்தியம்.

பதினான்கு வருடமாக எட்டுப் பேர் தங்கும் அறையில் எனக்கு ஒரு கட்டில், அதைச் சுற்றி ஒரு திரை. அதற்குள்ளேயே பழகிவிட்டேன். ஊருக்கு வந்தால் பத்தாம் நாளே எப்போது கிளம்பலாம் என்று இருக்கும். பாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் என்ன பேசுவது என்று தெரியாமல் போனை நோண்டுவேன். நீங்கள் இங்கே வந்துவிட்டால் தினமும் அந்த வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. உன் மேல் ஒரு குறையும் இல்லை. எனக்குப் பணம் அனுப்ப மட்டும்தான் தெரியும். கடைசிவரை அனுப்புவேன். வேறு எதுவும் கேட்காதே.

அசோக்குமார்


மதுரை
10.11.2024

மாமாவுக்கு,

வேறொருத்தி இருந்திருந்தால் அவளைத் திட்டியாவது தீர்த்திருப்பேன். இதில் நான் யாரைத் திட்ட? லீவில் பத்தாம் நாள் உங்கள் முகம் மாறுவதை ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறேன். வேலைக் கவலை என்று நினைத்து விரால் மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன், பைத்தியக்காரி.

பாப்பாவிடம் விசா சட்டம் மாறிவிட்டது என்று சொன்னேன். "தெரியும்மா" என்றாள். என்ன தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. உங்கள் பேச்சை அவள் இப்போது எடுப்பதே இல்லை.

வாடிப்பட்டி நிலத்தில் கல் ஊன்றிப் பிளாட் போட்டுவிட்டார்கள். இனி அதைக் கேட்டு வாங்க முடியாது. அந்தப் பணத்தில் முதல் வீட்டையே என் பேரில் வாங்கிவிட்டேன். விசாவுக்கு எழுதிப் போடவில்லை. நாங்கள் வர மாட்டோம், பயப்படாமல் இருங்கள். பணமும் இனி அனுப்ப வேண்டாம், வாடகை வந்துவிடும்.

போன வாரம் ஒரு குடும்பம் குடிவந்திருக்கிறது. புருஷன், பொண்டாட்டி, எட்டாவது படிக்கிற ஒரு பெண் பிள்ளை. அவர் மூன்று வருடம் தனியாகக் கிடந்துவிட்டு இப்போதுதான் அவர்களைக் கூட்டிவந்தாராம். வாடகை ஒப்பந்தம் கையெழுத்துக்கு எனக்கு வந்தது. குடியிருப்போர் எண்ணிக்கை மூன்று என்று போட்டிருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

ரோகிணி