ஓர வரிசைக் கம்பி

16.10.2006, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். ரெட்டியார்பாளையம் மதாம் வீட்டு ஓட்டு வேலை முடிந்தது. தெருவே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும். தனிக்கட்டை, தங்கமான மனுஷி. ஓடு போட்டது சேகர், என் மனைவி விமலாவின் தம்பி. பார்த்துச் சரி சொல்ல வேண்டியது மேஸ்திரி நான்.

கூரை ஓரத்து ஓடு ஒவ்வொன்றையும் ஏறி இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். ஓட்டிலுள்ள துளை வழியே கம்பி விட்டு, அடியில் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டையோடு முறுக்காவிட்டால் காற்று தூக்கிவிடும். இந்தத் தடவை ஏறவில்லை. விமலாவுக்கு ஏழாம் மாதம். "மாசமா இருக்கறவ புருஷன் கூரை ஏறக்கூடாது" என்று மாமியார் சொல்ல, இவள் என் கையை வயிற்றில் வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். மடத்தனம். ஆனால் போன பிள்ளை தங்கவில்லை. எதைச் சொல்லி மறுப்பது.

கீழே நின்றபடி சேகரை முகட்டிலிருந்து தண்ணீர் ஊற்றச் சொன்னேன். பதினாறு குடம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. கம்பியைப் பற்றிக் கேட்கவில்லை. நம்ம பையன்தானே.

முகடு சரி. சந்து சரி. ஓரம் சரி.

19, வியாழன்

நல்ல மழை. வி.க்குக் கால் வீக்கம். மாத்திரை, மண்ணெண்ணெய் வாங்கணும். மதாம் செல்லில் பேசினார்: "மேஸ்திரி, ஒரு சொட்டு இல்ல. நிம்மதியா தூங்கறேன்." பெருமையாகத்தான் இருந்தது.

28, சனி

சாயங்காலம் பேய்க்காற்று. மதாம் கொடியில் துணி எடுக்கும்போது ஓர ஓடு மூன்று கழன்று விழுந்தன. ஒன்று தலையில். பெரிய ஆஸ்பத்திரி. நினைவு இல்லை.

வராந்தாவில் சேகர் அழுதான். "கடைசியில நாலு மொழத்துக்குக் கம்பி பத்தல மாமா. எப்பவும் நீங்க ஏறி இழுத்துப் பாப்பீங்க, திட்டுவீங்க, அப்ப போட்டுக்கலாம்னு உட்டுட்டேன். நீங்க சரின்னதும் எனக்கே மறந்துபோச்சி."

அடிக்கக் கை ஓங்கினேன். எந்த முகத்தோடு அடிப்பது.

30, திங்கள்

வெயில். காலை ஆறு மணிக்கு மதாம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். விமலா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியாம ஏறிப் பாத்திருப்பீங்க தானே? நான் சொல்லி நீங்க எத கேட்டிருக்கீங்க?" என்றாள்.

இந்த ஒரு தடவை கேட்டேன் என்றேன்.