சூசையப்பரின் இடது கண்

அண்ணே,

என் நகத்தடியில் கொஞ்சம் பழுப்பு வர்ணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தீனர் போட்டுத் துடைத்தேன், சோப்புப் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. உங்கள் முகத்துக்காகக் கலந்த நிறம் அது. இன்று காலை தோசையைப் பிய்க்கும்போது அது கண்ணில் பட்டது. உங்களிடம் சொல்லாமல் இனி எதுவும் தொண்டையில் இறங்காது என்று தோன்றியது.

சுங்கை லாலாங் பக்கம் நம் ரப்பர்த் தோட்டத்தில் மாதா கோயிலைக் கட்டி முடித்து, பீடத்துக்குப் பின்சுவர் வெறுமையாகக் கிடந்த சமயம் உங்களுக்கு மறந்திருக்காது. நீங்கள் கித்தாப் பால் ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். லயத்து வரிசையில் உங்கள் பக்கத்து வீட்டுப் பையனான எனக்கு இருபத்திரண்டு வயது. சுங்கை பட்டாணியில் ஒரு கடையில் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தேன். "படம் வரையறவன் நம்ம லயத்துலயே இருக்கான். வெளியில ஏன் ஆள் தேடறீங்க?" என்று கமிட்டியில் எனக்காகப் பேசியது நீங்கள்தான். நெற்றியில் திருநீறோடு வந்து நின்றவனை நம்பி அவர்களும் சுவரைக் கொடுத்தார்கள்.

மாட்டுக்கொட்டகையில் குழந்தை இயேசு, பக்கத்தில் மாதா, பின்னால் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி சூசையப்பர். மாதாவுக்குப் பார்த்து வரைய ஒரு காலண்டர் படம் கிடைத்தது. சூசையப்பருக்கு உங்களைப் பிடித்து நிறுத்தினேன். வேலை முடிந்து வந்த உடம்பில் கித்தாப் பால் வாடை போகாமலே, பெட்ஷீட்டைச் சுற்றிக்கொண்டு, கையில் கேஸ் விளக்கோடு நின்றீர்கள். உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அண்ணி, கல்யாணமாகிப் புதிது அப்போது, வாசலிலேயே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எவ்ளோ நேரம்டா? கை மரத்துப் போச்சு லா."

"அசையாதீங்கண்ணே, கண்ணு போடறேன்."

அசைந்துவிட்டீர்கள். அண்ணி நின்ற பக்கம் திரும்பிவிட்டீர்கள். வலது கண்ணை அதற்கு முன்பே குழந்தையைப் பார்ப்பதுபோல் போட்டிருந்தேன். இடது கண் வேறு பக்கம் போய்விட்டது. அதைத் திருத்தும் அளவுக்கு அப்போது எனக்குக் கை பழகியிருக்கவில்லை.

படம் முடிந்ததும் நீங்கள் கிட்டே போய், தள்ளி நின்று, மறுபடி கிட்டே போய்ப் பார்த்தீர்கள். "ஒரு கண்ணு பெண்டாங் பக்கம் பாக்குது, ஒரு கண்ணு கோலா கெத்தில் பக்கம் பாக்குது. பரவால்ல லா, ரெண்டு ஊரையும் காவல் காப்பாரு" என்றீர்கள். கமிட்டிக்காரர்களும் சிரித்து விட்டுவிட்டார்கள்.

நான் விடவில்லை, அண்ணே. பிறகு பயிற்சிக் கல்லூரிக்குப் போய், இடைநிலைப்பள்ளியில் ஓவிய ஆசிரியராகி, கண் எங்கே இருக்க வேண்டும், மூக்கின் நிழல் எங்கே விழ வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வருஷமெல்லாம் அந்தச் சுவர் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு தடவை சக ஆசிரியர் ஒருவர் அந்தக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, "அந்தப் படத்த யாரு சார் வரைஞ்சது?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

உங்களிடமே கேட்டிருக்கிறேன். உங்களுக்கு ரத்தம் சுத்திகரிக்க ஆரம்பித்த புதிதில், மருத்துவமனையில் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த முகத்த ஒரு நாள் சரி பண்ணிடறேண்ணே" என்றேன். கையில் ஊசியோடு படுத்திருந்த நீங்கள் தலையை மட்டும் ஆட்டினீர்கள். "வேணாம்டா. அந்த மூஞ்சி எல்லாருக்கும் பழகிப் போச்சு. எனக்கும் பழகிப் போச்சு."

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. போன வருஷம் நீங்கள் போனீர்கள்.

இந்த வருஷம் மழையில் கோயில் கூரை ஒழுகி, சுவரின் கீழ்ப்பகுதி ஊறிப்போய்விட்டது. கித்தா மரங்கள் போய்த் தோட்டம் செம்பனையாக மாறி, ஆட்கள் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிபோன பிறகும் ஞாயிறு பூசைக்கு அங்கேதான் வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது கமிட்டியைப் பார்த்துக்கொள்வது ஃபிரான்சிஸ். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிற பிள்ளை, பணிவானவன். அவன் கூப்பிட்டான்.

"சார், மாட்டோட காலும் மாதா புடவையும்தான் சார் போச்சு. கீழ மட்டும் டச்சப் பண்ணிக் குடுத்தா போதும்."

கீழ மட்டும் என்றுதான் சொன்னான். உங்கள் முகத்தில் ஒரு சொட்டு ஈரம்கூடப் படவில்லை. மாட்டின் காலை முடித்தேன். மாதாவின் புடவையை முடித்தேன். மதியம் கோயிலில் வேறு யாரும் இல்லை. ஏணி பக்கத்தில் இருந்தது. கண்ணை மட்டும் நேராக்கலாம் என்று ஏறினேன். கண்ணைத் தொட்டதும் மூக்கு இடித்தது. மூக்கைத் தொட்டதும் தாடை சரியில்லை. விளக்கின் வெளிச்சம் கன்னத்தில் விழ வேண்டிய விதத்தில் விழ வைத்தேன். நீங்கள் வேண்டாமென்று சொன்னது ஞாபகத்துக்கு வராமல் இல்லை. வந்தது. இப்போது அண்ணன் பார்க்கப் போவதில்லையே என்றும் கூடவே வந்தது. அந்த நினைப்புதான், அண்ணே, வர்ணத்தைவிட அழுத்தமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இறங்கிப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் நான் போட்ட முகங்களில் அதுதான் சுத்தமான முகம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆளுக்கு ஆள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். ஃபாதர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணி மட்டும் தன் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. வலது பக்கம், ஜன்னலோரம், அவர் வழக்கமாக உட்காரும் இடம். கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் போய் நின்றேன்.

"நல்லாருக்கு தம்பி," என்றார். "சூசையப்பர் மாதிரியே இருக்கு." கண்ணைச் சுவரிலிருந்து எடுக்காமலே கேட்டார்: "அவர எங்க?"

 அண்ணியே தொடர்ந்தார். வீட்டில் மாலை போட்டிருப்பது உங்கள் அடையாளக் கார்டுப் படத்தைப் பெரிதாக்கியதாம். கடைக்காரன் கோட்டு சூட்டெல்லாம் சேர்த்துவிட்டானாம். "அதுல யாரோ ஆபீசர் மாதிரி இருக்காரு. எனக்கு அங்க பேச வராது. இங்க வந்து உக்காந்தா பேசுவேன். தண்ணி பில்லு, பேரன் பரீட்ச, எல்லாம் சொல்லுவேன். ஒரு கண்ணு கொழந்தயப் பாக்கும், ஒரு கண்ணு என்னப் பாக்கும். இன்னிக்கு ரெண்டு கண்ணும் கொழந்தயத்தான் பாக்குது."

அந்த இடத்தில் நின்று மேலே பார்த்தேன். வாசலில் சாப்பாட்டோடு நின்ற பெண்ணைத் தேடிப் போன கண் அது. இத்தனை காலம் அதை என் கைத்தவறு என்று மட்டுமே நினைத்து வைத்திருந்தேன்.

"கமிட்டியில சொல்லிட்டாங்க, நீ என்ன பண்ணுவ தம்பி," என்று அண்ணி என் கையைத் தட்டினார். "அந்த ஃபிரான்சிஸ் பையன்தான் எல்லாம் புதுசு புதுசா வேணும்பான்."

இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க பழைய முகத்தைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தேன். பழைய சுவரை யாரும் கிட்டே வைத்துப் படம் எடுத்திருக்கவில்லை. ஊரார் கல்யாணப் படங்களில் எல்லாம் மணமக்களுக்குப் பின்னால் நீங்கள் மங்கலாகத்தான் தெரிகிறீர்கள். அதைப் பார்த்து வேண்டுமென்றே கோணலாகப் போட்டேன். யாரையோ கேலி செய்வதுபோல் வந்தது. துடைத்தேன். இன்னொரு தடவை போட்டேன், ஒரு கண் செத்ததுபோல் இருந்தது. தெரியாமல் செய்ததைத் தெரிந்து செய்ய என் கைக்கு வரவில்லை.

கடைசியில் அண்ணியையே என் காடியில் ஏற்றிக் கூட்டிவந்து அவருடைய பெஞ்சில் உட்கார வைத்தேன். நான் ஏணியில் நின்று தூரிகையை வைக்க, அவர் கீழேயிருந்து சொன்னார்.

"இன்னும் இந்தப் பக்கம் தம்பி. ரொம்பப் போய்ட்ட. கொஞ்சம் கீழ. அவருக்கு அங்க ஒரு சுருக்கம் இருக்கும்."

"இப்ப?"

"இரு." கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வந்துட்டாரா அண்ணி?"

நெடுநேரம் பார்த்தார். "இல்ல தம்பி. அவரு வரல. ஆனா யாரோ என்னப் பாக்கறாங்க. போதும், எறங்கு. விழுந்து வைக்கப் போற."

அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் வருகிறார், பேசுகிறார். ஆனால் சீக்கிரம் எழுந்துவிடுகிறார். ஃபிரான்சிஸ் வணக்கம் சொன்னபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அவன் என்னிடம் வந்து, "பாட்டி ஏன் சார் என்கூடப் பேச மாட்டேங்கறாங்க? நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டபோது என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நேற்று ஞாயிறு. பூசை முடிந்ததும் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். முகத்தை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்று சொன்னேன். நானாகத்தான் ஏறினேன், அண்ணன் வேண்டாம் என்று சொல்லியும் ஏறினேன் என்று சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. மேலே பார்த்தபடி கேட்டார்: "அந்த மூஞ்சி நல்லாத்தானே இருந்துச்சு தம்பி?"

"நல்லாத்தான் இருந்துச்சு அண்ணி."

நான் வரைந்த அந்த முகத்தைப் பற்றி என் வாயால் அப்படிச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அண்ணி எழுந்து, என்னைத் தாண்டிப் போய், கதவருகே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஃபிரான்சிஸிடம் என்னவோ சொன்னார். அவன் சிரித்தது தெரிந்தது. என்னோடு காடியில் திரும்பாமல், அவனுடைய மனைவியோடு போய்விட்டார்.

நான் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி எழுந்துபோன இடத்தைத்தான் அந்தக் கண் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கை தள்ளி உட்கார்ந்திருந்த என் மேல் அது படவில்லை. நகர்ந்து உட்கார எனக்கு மனம் வரவில்லை, அண்ணே.