கல்லில் வெட்ட ஓர் ஊர்

ஜூன் 15, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். மீனுவின் துணி ஒன்றும் காயவில்லை. முன்னறையில் குறுக்காகக் கொடி. அவளுக்கு மூக்கடைப்பு, காய்ச்சல் இல்லை. திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறேன் என்று இவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

பிள்ளையை இவரிடம் விட்டு ஆஸ்பத்திரி. அப்பாவின் கால் வீக்கம் வடியவில்லை. இனி டயலிசிஸ் உடம்பு தாங்காது என்று டாக்டர் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். சிங்களத்தில், மெதுவாக. தலையாட்டிக்கொண்டே நின்றேன்.

அப்பா கேட்டது வேறு. "ஊரு கெடச்சுதா பாப்பா?"

தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் ஆட்களின் கல்லறைக் கல்லில் பேருக்குக் கீழே இந்தியாவின் ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் வெட்டியிருக்கும். கடல் தாண்டி வந்து எத்தனை தலைமுறை ஆனாலும். தாத்தா கல்லில் மட்டும் வெறும் பேர். அவர் தோட்டத்தை நடத்திய பெல்லிங் துரைக்குப் பிறந்தவர். துரைக்கு வெள்ளைக்காரப் பெண்சாதி வந்ததும், பங்களாவில் இருந்த பூட்டியை, தாத்தாவின் அம்மாவை, கைப்பிள்ளையோடு கூலிகளின் லயத்து அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா அந்தப் பேரை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. "அந்த ஆளு"தான். ஆனாலும் தன் கல்லில் கீழே ஒரு வரி வேண்டும் அவருக்கு.

மாமா (அம்மாவின் தம்பி) கட்டில் காலடியில் இருந்து: "அத்தானுக்கு என்னா, லண்டன்னு வெட்டிருவோம். முசிறிக்காரன் நானு பக்கத்துல படுக்கத்தான் வெக்கப்படணும்."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

மழை. மீனு பகலில் தூங்கினாள், நானும் தூங்கியிருக்கலாம். தேடினேன்.

கையில் இருப்பது: கண்டித் தேவாலயப் பதிவில் துரையின் கல்யாணம். முழுப்பேர் ஆர்தர் பெல்லிங். வயதும் இருக்கிறது. பிறகு, தோட்டத்தின் பேர் ஹார்ட்டன். துரைமார் தங்கள் ஊர்ப்பேரைத்தானே தோட்டத்துக்கு வைத்தார்கள்? இங்கிலாந்தில் ஹார்ட்டன் என்று தேடினால் போதாதா? ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

கிடைத்தது!! 1891 குடிசன மதிப்பீடு, அங்கத்து மக்கள் கணக்கெடுப்பு. ஆர்தர் பெல்லிங், ஒன்பது வயது, கொல்லன் மகன். பிறந்த இடம் ஹார்ட்டன்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

ஞானஸ்நானப் பதிவையும் பார்த்துச் சொல்லும்படி அந்தப் பக்கத்துக் குடும்ப வரலாற்றுச் சங்கத்துக்கு மின்னஞ்சல். பதில் வரும்வரை அப்பாவிடம் சொல்லக்கூடாது.

ஜூன் 18, புதன்

சொல்லிவிட்டேன்.

ஹார்ட்டன் படம் போனில் காட்டினேன். கல் வீடுகள், புல், தேவாலயக் கோபுரம். கண்ணாடி கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கட்டில் நானாவிடம் (தெல்தெனிய முஸ்லிம் பெரியவர்), "ஹார்ட்டன். நம்ம ஊரு. ஆடெல்லாம் மேயுது பாருங்க."

"அப்ப நீங்க துரைதானே. துரை, எனக்கொரு பிளேன் டீ சொல்லுங்களேன்."

இத்தனை மாதத்தில் அப்பா இப்படிக் காலாட்டிக்கொண்டு படுத்திருந்து பார்க்கவில்லை. வீங்கின காலை.

வரும்போது குட்ஷெட் பஸ் நிலையத்தில் நல்ல மழை. நனைந்தேன். மீனுவுக்குச் சளி ஏறுமோ?

ஜூன் 21, சனி

பதில் வந்தது. சங்கத்தில் ஓர் அம்மா, ரொம்ப மரியாதையாக எழுதியிருக்கிறார். கொல்லன் மகன் ஆர்தர் பதினோரு வயதில் இறந்துபோனான். அதே ஊரில் அடக்கம். பதிவு இணைத்திருக்கிறார். அவன் இலங்கைக்கு வரவில்லை. எங்கேயும் போகவில்லை.

தோட்டத்துக்கு ஹார்ட்டன் என்று பேர் வைத்தது பெல்லிங்குக்கு முன்னால் இருந்த வேறு யாரோ ஒரு துரையாக இருக்கும். இது எனக்குத் தோன்றவே இல்லை. படித்த பெண்!

அதோடு விடாமல் அந்த அம்மா தேடியிருக்கிறார். வேறொரு நகரம். ஞானஸ்நானப் பதிவில் ஆர்தர் பெல்லிங். தாய்: தெரியாது. தகப்பன்: தெரியாது. தெருவில் கண்டெடுத்த பிள்ளை. பக்க ஓரத்தில் பின்னால் வேறு மையில் ஒரு வரி: 'இலங்கைக்கு, தோட்டத் தொழில் பழக.' அதே 1891இல் அநாதைப் பிள்ளைகள் இல்லம் ஒன்றில் இருக்கிறான். ஒன்பது வயது. பிறந்த இடம் என்ற கட்டத்திலும் 'தெரியாது'.

கண்டெடுத்தபோது சில வாரக் குழந்தை என்று ஊகமாம்.

மீனுவின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு சூடாகத்தான் வருகிறது.

ஜூன் 22, ஞாயிறு

போகவில்லை. மீனுவுக்குச் சளி என்று மாமாவிடம் சொல்லியனுப்பினேன். சளி குறைந்துவிட்டது.

இவர்: "இப்ப எதுக்கு அவருகிட்ட சொல்லணும்? சந்தோஷமா இருக்காரு. விட்டுரு."

விட்டுவிடலாம். ஆனால் கல்லில் வேறொருவன் ஊர் ஏறும். செத்துப்போன ஒரு பிள்ளையின் ஊர்.

ஜூன் 23, திங்கள்

சாம்பல் வானம், மழை இல்லை. சோறு கரைத்து எடுத்துப் போனேன். இரண்டு வாய்.

"அந்த ஞானஸ்நானக் காயிதம் வந்துச்சா?" என்று அவரே கேட்டார். சொன்னேன். எல்லாம். நானா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்பா சோற்றுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். கோபிப்பார், அழுவார் என்று இருந்தேன்.

"ஒம்போது வயசா அப்ப?"

"ம்."

"அங்க குளிருமே."

போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

"சோறு ஒழுங்காப் போட்டிருப்பாங்களா பாப்பா?"

"சோத்துக்குப் பதிலா பாண் குடுத்திருப்பாங்கப்பா."

"பாணு." தலையாட்டினார். பிறகு, "பேரு என்னா சொன்ன?"

"ஆர்தர் பெல்லிங்."

"ஆர்தர்." ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "ஊர விடு. அவரு பேரப் போடு."

அவர்! இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

படியில் உட்கார்ந்து அழுதுவிட்டு பஸ் ஏறினேன்.

ஜூன் 26, வியாழன்

வெயில். இன்றைக்குப் போய் வெயில்.

அப்பா விடியலில். நான் பக்கத்தில் இல்லை.

செய்ய: பால்மா. வெள்ளைத் துணி. மீனுவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம். அப்பாவின் கண்ணாடி நானாவிடம் இருக்கிறது, வாங்க வேண்டும்.

மரண அறிவித்தல் அடிக்க மாமா அச்சகத்துக்குப் போனார். அங்கிருந்து போன்.

"ஊரு எடம் சும்மா கெடக்கு பிள்ளை. என்னா போட? அந்த ஹார்ட்டனா?"

"ஊரு வேணாம் மாமா. ஆர்தர் பெல்லிங்கின் பேரன்னு போடுங்க."

"என்னா பிள்ளை பேசுற! செவுத்துல ஒட்டுறது. ஊரு சனம் பூரா வாசிக்கும்."

"அப்பா சொன்னதுதான்."

அச்சு இயந்திரம் மட்டும் கேட்டது. பிறகு யாரிடமோ பேனா வாங்கிக்கொண்டு, "பெல்லிங்குக்கு எந்த 'ல' போடணும்? சொல்லு, எழுதிக்கிறேன்."

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். மாமா ஒவ்வோர் எழுத்தாகத் திருப்பிச் சொன்னார்.

மீனு எழுந்துவிட்டாள்.