மூன்று கோப்பை வீடு

புக்கிட் பாத்தோக்,
ஞாயிறு மாலை

என் அன்புக்கும் கோபத்துக்கும் ஒருங்கே உரிய ரக்ஷனா அப்பாவுக்கு,

சந்திரமதி எழுதுவது. ஈப்போவில் உங்கள் அக்கா வீட்டில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும். போன் செய்தால் எடுப்பதில்லை, வாட்சாப்பில் அனுப்பினால் இரண்டு நீல டிக் மட்டும் வருகிறது. கடிதத்தையாவது பிரிப்பீர்கள். இல்லாவிட்டால் அக்கா பிரிக்க வைத்துவிடுவார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. தேய்த்த குக்கரையே மறுபடி தேய்த்துக்கொண்டிருக்கிறேன். இதையும் அடுப்பு மேடையில் வைத்து நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். பிரஷர் மாத்திரையை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அங்கே வாங்கினீர்களா?

நேற்று ரக்ஷனாவோடு சுவா சூ காங் போனேன், மாப்பிள்ளை வீட்டுக்கு. மாப்பிள்ளை என்று எழுதியதற்காகக் கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள். வெய் மிங் என்றே எழுதுகிறேன்.

“அந்தச் சீனர் வீட்ல நமக்குன்னு ஒரு இடம் இருக்காது மதி” என்று சொல்லிவிட்டுத்தானே பெட்டியைத் தூக்கினீர்கள். போகும் வழியெல்லாம் அதுவே காதில் கேட்டது. வெய் மிங்கின் அப்பா லிம், சீனரில் தியோச்சூ பிரிவைச் சேர்ந்தவர், எங்களை வரவேற்றுத் தேநீர் போட உட்கார்ந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன மண் கெண்டி. அது நிறைய இலையைத் திணித்து வெந்நீர் ஊற்றினார். இறங்கிய முதல் தேநீரைக் கோப்பைகளில் விட்டு அலசித் தட்டில் கொட்டிவிட்டார். வந்தவர்கள் எதிரிலேயே கொட்டுகிறாரே என்று எனக்குத் திக்கென்றது. பிறகுதான் கோப்பைகளைப் பார்த்தேன். யானைப் பசிக்குச் சோளப்பொரி போல, ஒவ்வொன்றும் இருமல் மருந்து மூடியைவிடக் கொஞ்சம் பெரிசு. அதுவும் மூன்றே மூன்று. அவர்கள் மூவர், நாங்கள் இருவர், ஆக ஐந்து பேர்.

நீங்கள் சொன்னது சரிதான் என்று கைப்பையை இறுக்கிப் பிடித்தேன். மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றே நினைத்தேன்.

அதற்குள் லிம் மூன்று கோப்பைகளிலும் சுற்றிச் சுற்றி ஊற்றி, ஒன்றை என் முன்னால் வைத்தார். வெய் மிங்கின் அம்மாவுக்கு இல்லை. வீட்டுக்காரிக்கே இல்லாமல் நான் எப்படிக் குடிப்பேன்? அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் என் பக்கம் நகர்த்தினார். ஓட்டலில் பில்லுக்குச் சண்டை போடுவதுபோல இருவரும் விடவில்லை. “அம்மா, நீங்க குடிங்க லா, ஆறிடும்” என்றாள் ரக்ஷனா. லிம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

அப்புறம் அவரே ஆங்கிலத்தில் விளக்கினார். எத்தனை பேர் வந்தாலும் அவர்கள் வழக்கத்தில் மூன்று கோப்பைதானாம். மூவர் குடித்ததும் வெந்நீரில் அலசி மற்றவர்களுக்கு ஊற்றுவார்கள். நீ குடி, நீ குடி என்று விட்டுக்கொடுப்பதுதான் அங்கே மரியாதையாம். முதலில் கொட்டியது இலையைக் கழுவிய தண்ணீர். ஆற்றங்கரைக் கிடங்குகளில் மூட்டை தூக்கியவர்களும் அந்தக் காலத்தில் கரியடுப்பைச் சுற்றிக் குந்தி இப்படித்தான் குடித்தார்களாம். அந்தக் கெண்டி அவர் தாத்தாவோடு கப்பலில் வந்தது. அதற்குச் சோப்பே போடக்கூடாதாம். நல்லவேளை, கழுவித் தருகிறேன் என்று நான் எழவில்லை.

தேநீர் முதலில் கசந்தது, பிறகு தொண்டையில் நின்று இனித்தது. உங்களைப் போல என்று எழுதினால் அதற்கும் கோபித்துக்கொள்வீர்கள்.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அடுத்த மாதம் கல்யாணப் பதிவு முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டியிட்டுப் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுப்பார்கள். வாங்கிக் குடித்தால் கல்யாணத்தை ஏற்றுக்கொண்டோம் என்று அர்த்தம். எனக்குப் பக்கத்து நாற்காலியில் யார் உட்காருவார் என்று லிம் மெதுவாகக் கேட்டார். “உங்க அண்ணனைக் கூப்பிடலாமா” என்றும் கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். “அவர் வந்துருவாரு” என்றேன். பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். லிம் ரக்ஷனா முகத்தைப் பார்த்தார். அவள் அதை மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

நமக்கு இடம் இருக்காது என்றீர்கள். இருக்கிறதுங்க. அந்த வீட்டில் கோப்பை கைக்கு வராதவர் வேண்டாதவர் இல்லை, அடுத்த சுற்று அவருக்குத்தான். அந்த நாற்காலியில் அண்ணனையும் உட்கார விடமாட்டேன், வேறு யாரையும் விடமாட்டேன்.

மாத்திரையை இத்துடன் வைத்திருக்கிறேன், வேளை தவறாமல் போடுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். டேங்க் ரோடு கோயில் முருகன் உங்களுக்கு நல்ல உடம்பையும் கொஞ்சம் இளகிய மனதையும் தரட்டும். இந்த முறை நீல டிக் போதாது. வருகிறேன் என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள். லிம்மிடம் அதை ரக்ஷனாவே சொல்லட்டும்.

இன்னும் உட்காராமல் நிற்கும்,
உங்கள் மதி